வலது ஓரம்

மரியசெல்வம் வருஷா வருஷம் அடிக்கும் ரோஸ் நிற நோட்டீஸில் பதினோரு விதிகள் இருக்கும். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் குடிக்கக் கூடாது என்பது முதல் விதி. நாலாவது விதி இப்படி இருக்கும்: 'யாத்ரீகர்கள் எப்போதும் சாலையின் வலது ஓரமாகவே செல்ல வேண்டும்.' அது நடந்து போன காலத்தில் எழுதிய விதி. நடக்கிறவர்களுக்கு அது சரியும்கூட. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும், ஒரு எட்டு எடுத்து வைத்தால் புல்லுக்குள் இறங்கிவிடலாம். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் நடந்தார்கள். பிறகு முழங்கால்கள் தேய்ந்தன, மில்லில் பத்து நாள் லீவு தர மாட்டேன் என்றார்கள், கூட்டம் சைக்கிளுக்கு மாறியது. நாகல் நகர் பிரஸ்காரர் பழைய நோட்டீஸை எடுத்து, 'பாதயாத்திரை' என்று இருந்த இடத்தில் 'சைக்கிள் யாத்திரை' என்று மாற்றிக் கொடுத்தார். மற்றபடி ஒரு புள்ளியை யாரும் தொடவில்லை. காலில் கொப்புளம் கண்டால் வேப்பெண்ணெய் தடவ வேண்டும் என்ற ஒன்பதாவது விதியும் அப்படியே இருந்தது. சைக்கிளில் போகிறவனுக்குக் கொப்புளம் எந்த இடத்தில் வரும் என்று ஒரு ஆள் யோசித்திருந்தால் அதையாவது மாற்றியிருப்பார்கள்.

மரியசெல்வம் கெட்ட மனிதர் இல்லை. ஆத்தூர் ரோட்டில், திண்டுக்கல்லிலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டரில் அவருக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை, கொஞ்சம் தென்னை. கூட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார். பேச்சைத் தட்டினால்தான் பிடிக்காது. தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், முயலே வந்து நாலாவது காலை நீட்டினாலும் பார்க்க மாட்டார்.

போன வருஷம் அந்த யாத்திரையில்தான் அவருடைய மச்சினன் ஆல்வின் கால் ஒடிந்தான். தொண்டி தாண்டி, ஓரியூர் கோயிலில் கும்பிட்டு, கடலோர ரோட்டில் வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் கொடி கட்டிய சைக்கிளில் ஆல்வின், அவன் பின்னால் மரியசெல்வம். மற்றவர்கள் அரை மைல் பின்னால், டீக்கடையில். பக்கத்துச் சந்திலிருந்து வந்த மீன் வேன் ஆல்வின்மேல் ஏறியது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் போய், கம்பி வைத்து, பத்து மாசம் கட்டிலிலேயே கிடந்தான். வேன்காரன் போன் பேசிக்கொண்டே வந்து ஏற்றிவிட்டான் என்றார் மரியசெல்வம். ஊரும் அப்படியே சொன்னது. ஆல்வினின் அக்கா ஜெஸ்ஸி, அதாவது மரியசெல்வத்தின் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டாள். தம்பி எழுந்து நடந்தால் அதே ரோட்டில் தானே சைக்கிளில் வருவதாக.

இந்த ஆடிக் கடைசியில் ஆல்வின் ஊன்றுகோல் இல்லாமல் கிணற்றடிவரை போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை மல்லிகை பறித்துக்கொண்டிருக்கும்போது ஜெஸ்ஸி பேச்சை எடுத்தாள். ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. செடியை ஒரு கையால் பிடித்தால்தான் மொட்டு அகப்பட்டது. இடுப்பில் கட்டிய சேலை மடியில் பாதி நிறைந்திருந்தது.

"நானும் வாரேங்க."

"எங்க?"

"வேளாங்கண்ணிக்கு. சைக்கிள்ல."

மரியசெல்வம் பறிப்பதை நிறுத்தவில்லை. "பஸ்ல வா. பொம்பளைங்க பஸ்லதான வருவீங்க."

"சைக்கிள்லன்னு நேந்திருக்கேன்."

"என்னையக் கேட்டா நேந்த?"

"நீங்க டாக்டரு ரூமு வாசல்ல நின்னீங்க. மாதா பக்கத்துல இருந்துச்சு. மாதாகிட்டச் சொல்லிட்டேன்."

அவர் மாதாவை விட்டுவிட்டு ரோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"நீ தெனமும் பூ மார்க்கெட்டுக்கு மிதிக்கிற ரோடுன்னு நெனச்சுக்கிட்டியா? கடக்கரை ரோட்டுல காத்து முன்னாடியும் வராது, பின்னாடியும் வராது, வெலாவுலதான் குத்தும். ஓரத்துல பூரா மணலு. சக்கரம் செத்த எறங்குச்சுன்னா ஆளு கீழ. மீன் வண்டியில இருந்து தண்ணி ஒழுகிக்கிட்டே போகும், அதுல பிரேக்கப் பிடிச்சா வழுக்கிக்கிட்டுப் போயிரும். காருங்க எல்லாம் தரையிலயா வருது? பஸ்ஸுக்காரன் கடந்து போனாம்னா அந்தக் காத்துலயே உன்னையத் தூக்கி உப்பளத்துல போட்டுருவான்."

"அம்புட்டும் தெரிஞ்சுதான நாலு வருசமாப் போறீங்க?"

"நாங்க ஆம்பளைங்க."

"ஆல்வினும் ஆம்பளதான்."

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஜெஸ்ஸி நாற்பத்தாறு வயசில் இருபது வருஷத்தை அந்த ஒன்பது கிலோமீட்டர் ரோட்டில் கழித்தவள். கேரியரில் பூப்பையைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் போவாள், ஏழரைக்குத் திரும்பி வந்து உலை வைப்பாள். மழைக்கும் நின்றதில்லை, வயிற்றுப் பிள்ளையோடு ஏழு மாசம்வரை மிதித்திருக்கிறாள். அவளிடம் போய் ரோட்டைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

அவள் போகிறாள் என்று தெரிந்ததும் இன்னும் அஞ்சு பெண்கள் வருகிறேன் என்றார்கள். அதில் ஒருத்தி புவனேஸ்வரி, மரியசெல்வத்தின் கூட்டாளி காமராஜின் மனைவி. அவர்கள் இந்துக்கள். வீட்டில் முருகனும் மாதாவும் ஒரே மாடத்தில் இருக்கிறார்கள், இதுவரை சண்டை வந்ததில்லை. ஆக மொத்தம் இருபத்து மூன்று பேர் என்று ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செம்பட்டிவரை ஒரு பழக்க ஓட்டம். பெண்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் காமராஜ். மெயின் ரோட்டில் ஏறியதும் ஜெஸ்ஸி தன் வழக்கப்படி இடது ஓரமாகப் போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு ஆளும் இல்லை. மொத்தக் கூட்டமும் ரோட்டைக் கடந்து வலது ஓரத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏய், இங்கிட்டு வா! எதுக்க வர்ற வண்டி தெரிய வேணாமா?" என்று மரியசெல்வம் கத்தினார்.

தலைவர் சொன்னால் சொன்னதுதான். அவளும் கடந்து போய் வரிசையில் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டாள். எதிரே பஸ் வந்தது, டிரைவர் முகம் தெரிந்தது, அவன் திட்டுவதும் தெரிந்தது. ஒவ்வொரு வண்டியும் நேரே மேலே விழுவதுபோல வந்து கடைசி நேரத்தில் விலகியது. ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில் ஜல்லி. நடக்கிறவனானால் நின்றுவிடுவான். சைக்கிளை அப்படி நிறுத்த முடியவில்லை.

தேங்காய்க் களம் ஒன்றின் சந்துமுனையைக் கடக்கும்போது உள்ளேயிருந்து லோடு வண்டி ஒன்று மெதுவாக மூக்கை நீட்டியது. முன்னால் போன ரெண்டு பேரும் கடந்திருந்தார்கள். டிரைவர் கழுத்தைத் திருப்பித் தன் வலது பக்கமே பார்த்துக்கொண்டு வண்டியை ரோட்டில் ஏற்றினார். ஜெஸ்ஸி பிரேக்கைப் பிடித்தாள், ஜல்லியில் சக்கரம் இழுத்தது, முன் சக்கரம் வண்டிக் கதவில் போய் முட்டி அவள் கீழே விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது. நல்லவேளை, வண்டி நின்றுவிட்டது.

காமராஜ் முதலில் ஓடி வந்தார். "ஏண்டா, கண்ண எங்கடா வச்சுக்கிட்டு வர்ற?"

டிரைவர் இறங்கினார். "அண்ணே, நான் அங்கிட்டுப் பாத்துக்கிட்டு ஏத்துறேன். வண்டி அங்கிட்டுத்தான வரும்? நீங்க இங்கிட்டு இருந்து வந்தா எனக்கென்ன ரெண்டு கழுத்தா இருக்கு?"

"பேச்சப் பாரு. போன் பேசிக்கிட்டே வந்துட்டு..." என்று மரியசெல்வம் ஆரம்பித்தார்.

ஜெஸ்ஸி தரையில் உட்கார்ந்தபடியே டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, நீங்க போன் பேசிக்கிட்டா வந்தீங்க?"

"போனு சார்ஜ் இல்லாம வீட்டுல கெடக்கு தாயி."

அவள் சந்துமுனையைப் பார்த்தாள். பிறகு டிரைவர் கழுத்து திரும்பியிருந்த பக்கத்தைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கீழே கிடந்த செருப்பை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அவள் எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். இடது ஓரமாகத் தனியாக மிதித்து வீடு வந்து சேர்ந்தாள்.

ஆல்வின் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வயசு. மில்லில் எட்டு மணி நேரம் நின்றவன், இப்போது அக்கா வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் அவனுடையது. பேச்சு குறைந்துவிட்டது.

"கையில என்னக்கா ரத்தம்?"

"அது கெடக்கட்டும். அந்த மீன் வேன்காரன் உன்மேல ஏத்துனப்ப எங்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தான்?"

ஆல்வின் கையிலிருந்த வெங்காயத்தை உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு அப்பு. எங்கிட்டுப் பாத்தான்?"

"அந்தப் பக்கம்."

"போனு?"

"போனு இல்லக்கா. ரெண்டு கையும் ஸ்டேரிங்குல இருந்துச்சு. நான் கீழ கெடந்தப்ப தொண்டை கிழியக் கத்துனான். அவந்தான் என்னையத் தூக்கி, மீன் பெட்டியெல்லாம் எறக்கிப் போட்டுட்டு, அதே வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தான். சட்ட பூரா ரத்தமும் மீன் தண்ணியுமா ரெண்டு நாளு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியவே உக்காந்திருந்தான். மச்சான்தான் வெரட்டி விட்டாரு."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"மச்சான் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இத்தன வருசம் பேரு கெடாம இருந்துட்டேன் மாப்ள, என்னையக் காட்டிக் குடுத்துராதன்னாரு. போன் பேசுனான்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்துட்டேன், நீயும் அப்படியே சொல்லுன்னாரு. நானும் சொன்னேன்." ஆல்வின் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தான். "அந்தாளு மாசா மாசம் எனக்குப் போன் பண்றாருக்கா. தம்பி, கால் எப்படி இருக்குன்னு கேப்பாரு. லைசென்ச வாங்கி வச்சுக்கிட்டாங்களாம். இப்ப கடக்கரையில ஐஸ் கட்டி ஒடைக்கிறாரு. எம்மேல ஒரு வார்த்த கோவமாப் பேசினது கெடையாது. எனக்குத்தான் போன எடுக்கவே வெக்கமா இருக்கு."

ஜெஸ்ஸிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பதினோரு மாசமாக அந்த முகம் தெரியாத மனிதனை ஜெபத்தில்கூடத் திட்டியிருக்கிறாள்.

மத்தியானம் மரியசெல்வம் சாப்பிட உட்கார்ந்தார். சோறும் சுண்டவத்தல் குழம்பும் வைத்தாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை. அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வெஞ்சனம் இல்லையா?"

"முழுப் பூசணிக்காயவே சோத்துல மறைச்சு வச்சிருக்கீங்களே, அதத் தோண்டித் தின்னுங்க."

அவருக்கு விளங்கிவிட்டது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து கைகழுவி, கிணற்றடிக்குப் போய்ப் பம்புசெட் திண்டில் உட்கார்ந்தார். ஜெஸ்ஸி பின்னாலேயே போனாள். விட்டுவிடுகிறவள் இல்லை அவள்.

"பத்தொம்பது வருசம்டி," என்றார் அவர். குரலில் சத்தம் இல்லை. "ஒரு கீறல் இல்லாம கூட்டிக்கிட்டுப் போய்க் கூட்டியாந்தவன் நான். என் பேச்சக் கேட்டு வலது பக்கம் போனாத்தான் உசுருன்னு எல்லாருக்கும் சொன்னேன். அவன் அன்னைக்குக் காலைல எங்கிட்டக் கேட்டான், மச்சான், இடது பக்கம் போவோமா, எதுக்க வர்றவன் லைட்டு போட்டு வெரட்டுறான்னு. வாய மூடிக்கிட்டுப் போடான்னேன். செத்த நேரத்துல அந்தச் சந்து. நான் பாத்துக்கிட்டே இருந்தேன் ஜெஸ்ஸி. அவன் கால் மடங்குற சத்தம் கேட்டுச்சு. அத நான் எப்படிடி என் வாயால சொல்லுவேன்?"

அவள் அவர் அழுது முடிக்கும்வரை நின்றாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் வியாழக்கிழமை இருபத்து மூன்று பேர் வலது ஓரத்தில் கிளம்புவார்கள் என்பதும் ஞாபகம் இருந்தது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நோட்டீச மாத்திருவோம். இந்த வருசம் இடது பக்கம்தான் போகணும்னு போலீஸ் உத்தரவு போட்டிருக்குன்னு சொல்லிர்றேன். எல்லாரும் கேட்டுக்குவாங்க."

"கேக்க மாட்டாங்க."

"ஏன் கேக்க மாட்டாங்க?"

"கடக்கரை ரோட்டுல பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சா முதுகு கூசும்ங்க. எனக்கு இருபது வருசமாக் கூசுது, பழகிப்போச்சு. அவங்களுக்குப் பழக்கமில்ல. போலீஸ் சொன்னான்னு எவனும் அங்க நிக்க மாட்டான். மொத ஆரனுக்கே, பழைய பக்கம்தான் நல்லதுன்னு ரோட்டுக்குக் குறுக்க பாய்வான். லாரி அடியில போவான். ஏன் மாறுறோம்னு தெரிஞ்சாத்தான் நிப்பான். ஆல்வின் கால் எதனால போச்சுன்னு நீங்க சொல்லணும்."

"ஊருக்கு முன்னாலயா?"

"ஊருக்கு முன்னாலதான பொய் சொன்னீங்க."

மரியசெல்வம் அன்றும் மறுநாளும் சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நாகல் நகர் போய்ப் புது நோட்டீஸ் வாங்கி வந்தார். நாலாவது விதியில் 'வலது' இருந்த இடத்தில் 'இடது' இருந்தது. ஒன்பதாவது விதியில் வேப்பெண்ணெய் இன்னும் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் எல்லோரும் சைக்கிள்களோடு கூடினார்கள். மறுநாள் காலை சாமியார் சைக்கிள்களை மந்திரித்ததும் புறப்பாடு. செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டும், பைகளைக் கட்டிக்கொண்டும் இருந்தவர்களுக்கு நடுவில் நின்று மரியசெல்வம் விதிகளை வாசித்தார். நாலாவதுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். ஜெஸ்ஸி பெண்கள் பக்கம் நின்றாள். ஆல்வின் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"இந்த வருசம் எல்லாரும் இடது ஓரமாத்தான் போகணும். போலீஸ்ல உத்தரவு."

கொஞ்சம் சலசலப்பு. காமராஜ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போலீஸா நம்ம கூட மிதிக்கப் போறான்? அவன் ஏசி காருக்குள்ள இருந்து உத்தரவு போடுவான். எனக்கு எதுக்க வர்றதப் பாத்தாத்தான் தைரியம். நான் எப்பவும்போல வலது பக்கம்தான் வருவேன். ஏம்ப்பா, என்ன சொல்றீங்க?"

"ஆமாமா, முதுகுக்குப் பின்னால எமன் வந்தா யாரு பாக்குறது?" என்றது ஒரு குரல். இன்னும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

மரியசெல்வம் ஜெஸ்ஸியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள். ஆல்வின் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருக்கப் பார்த்தான்.

"நீ உக்காரு மாப்ள," என்றார் மரியசெல்வம். "காமராசு, நீயும் உக்காரு. போலீஸ் ஒரு உத்தரவும் போடல."

பை கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"போன வருசம் சந்துல இருந்து வேன் வந்துச்சு. சந்துல இருந்து ரோட்டுல ஏறுறவன் அவனுக்கு வலது கைப் பக்கம்தான் பாப்பான், அங்கிட்டு இருந்துதான் வண்டி வரும். நாங்க வரக்கூடாத பக்கம் இருந்து வந்தோம். அவரு எங்களப் பாக்கல. பாக்கவும் முடியாது. அவரு போன் பேசல. பேசுனார்னு ஸ்டேஷன்ல சொன்னது நான். இந்தப் பையனையும் சொல்ல வச்சது நான். அன்னைக்கு இவன் இடது பக்கம் போவோமான்னு கேட்டான். வாய மூடுன்னு சொன்னது நான். நடக்குறதுக்குப் போட்ட விதிய சைக்கிளுக்கும் வச்சுக்கிட்டேன். யோசிக்கவே இல்ல. யோசிச்சதுக்கு அப்புறமும் சொல்லல, அதுதான் பெரிய பாவம். இவன் கால ஒடிச்சது நான்தான். அந்த டிரைவர் பேரு சீனிமுகம்மது."

அந்தப் பெயரை அவர் சொல்லி ஜெஸ்ஸி கேட்டது அதுதான் முதல் தடவை.

புவனேஸ்வரிக்குத்தான் முதலில் வாய் வந்தது. "போன ஞாயித்துக்கெழம எங்களையும் அந்தப் பக்கம்தானண்ணே கூட்டிக்கிட்டுப் போனீங்க? எல்லாம் தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்மா."

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்குண்ணே," என்றாள் அவள். அவர் திட்டு வாங்கத் தயாராக நின்றதால் மற்றவர்களுக்கும் திட்ட வாய் வரவில்லை. காமராஜ் மட்டும் தரையில் துப்பிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். முப்பது வருஷச் சிநேகம்.

மரியசெல்வம் கொடிக்கம்பை எடுத்து வேப்பமரத்தில் சாய்த்தார். "இத வேற யாராச்சும் பிடிங்க. நான் தனியா வாரேன். தொண்டி தாண்டி அந்த ஸ்டேஷன்ல எறங்கி நடந்தத எழுதிக் குடுத்துட்டுத்தான் மாதாகிட்டப் போவேன். உள்ள வச்சாலும் சரி."

"கொடிய நீங்கதான் பிடிக்கணும்," என்றாள் ஜெஸ்ஸி. அந்த வளாகத்தில் ஆண்கள் பேசும்போது அவள் குரல் இதற்குமுன் கேட்டதில்லை. "வலதுன்னு சொன்ன ஆளே இடதுல முன்னாடி போனாத்தான் இவங்க நம்புவாங்க."

காமராஜ் தூரத்திலிருந்தே கேட்டார். "சரி, இடதுன்னே வச்சுக்குவோம். பின்னால வர்றத யாரு பாக்குறது? அதுக்குப் பதில் சொல்லுங்க."

"நான் பாக்குறேன்," என்றாள் ஜெஸ்ஸி. "கடைசியா நான் வாரேன். பெரிய வண்டி வந்தா 'வண்டி'ன்னு கத்துவேன். எனக்கு முன்னால புவனேஸ்வரி, அவ கத்தட்டும், அவளுக்கு முன்னால இருக்கறவங்க கத்தட்டும். முன்னாடி வரைக்கும் போயிரும். கேட்டதும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பினா ஹேண்டில்பாரும் சேந்து திரும்பும். ஓரத்து வெள்ளக் கோட்ட ஒட்டி நேராப் போனாப் போதும்."

மரியசெல்வம் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "பின்னால இருந்து ஒண்ணு தட்டுச்சுன்னா மொத அடி கடைசி ஆளுக்குத்தான்டி."

"தெரியும்."

"நான் கடைசில வாரேன்."

"உங்களுக்குப் பின்னால வர்ற வண்டின்னா பயம். எனக்கு அது தெனமும் வர்றதுதான்."

ஆல்வின் வீட்டுக்குப் போய்ப் பழைய மொபெட்டின் கண்ணாடியைக் கழற்றி வந்தான். அக்காவின் ஹேண்டில்பாரில் வலது பக்கம் வைத்து, நட்டை முடுக்கி, அவளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லித் திருப்பித் திருப்பிச் சரி செய்தான். இருட்டும்வரை அதே வேலையாக இருந்தான்.

மறுநாள் நாகல் நகர் தாண்டி நத்தம் ரோட்டில் ஏறியபோது ஜெஸ்ஸி சொன்னது அப்படியே நடந்தது. முதல் லாரி ஆரன் அடித்தது, வரிசை பாம்பாக நெளிந்தது. நடுவில் போன காமராஜின் சைக்கிள் வலது பக்கம் வெட்டித் திரும்பியது. ஒரு கணம்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பி வந்தார். அடுத்த டீக்கடையில் ஜெஸ்ஸியிடம் வந்து, "தெரியாம இருந்திருந்தா நேத்தே சொன்ன மாதிரி அங்கிட்டுப் போயிருப்பேன்மா," என்று மட்டும் சொன்னார். மரியசெல்வத்தோடு மூன்று நாளும் அவர் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடல் வந்தது. அந்த ஸ்டேஷன் வாசலில் இருபத்து மூன்று சைக்கிளும் நின்றன. மரியசெல்வம் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ஜெஸ்ஸி.

"எழுதிக் குடுத்துட்டேன். பொய் சொன்னதுக்கு எம்மேல கேசு வரலாமாம். கோர்ட்டுக்குக் கூப்புடுவாங்களாம்."

"கூப்புடட்டும். வருவோம்."

அவர் கொடியை ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். சவுக்குத் தோப்பு முடிந்ததும் காற்று விலாவில் குத்த ஆரம்பித்தது. வலது பக்கம் வெட்டவெளி, தூரத்தில் நீலமாக ஒரு கோடு. ரோட்டோரத்தில் மணல் ஏறிக் கிடந்தது. ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில்தான் இருபத்து மூன்று பேரும் போக வேண்டியிருந்தது. ஜெஸ்ஸி கைப்பிடியை இறுக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். தொலைவில் ஒரு லாரி, தார்ப்பாய் கட்டியது. எப்படி வருகிறது என்று பார்ப்பதற்குள் பெரிதாகிவிட்டது.

"வண்டி!"

"வண்டி!" என்றாள் புவனேஸ்வரி. வண்டி, வண்டி என்று சொல் ஒவ்வொரு வாயாகக் கடந்து முன்னால் போயிற்று. ஒரு தலையும் திரும்பவில்லை. ஜெஸ்ஸிக்குப் பின்னால் யாரும் இல்லை. மாதாவே என்று சொல்லிக்கொண்டு கோட்டை ஒட்டி மிதித்தாள். லாரியின் சூடு முதுகில் பட்டது, சேலை படபடத்தது, மணல் கண்ணில் அடித்தது. லாரி கடந்து போய்விட்டது.

அப்போது முன்னாலிருந்து ஒரு சத்தம் ஒவ்வொரு ஆளாகத் தாண்டிப் பின்னோக்கி வந்தது. அவளுக்குப் புரியவில்லை. புவனேஸ்வரி நேரே பார்த்தபடியே கத்தினாள்.

"மதினி, அண்ணே கேக்குறாரு! பின்னால இன்னும் என்ன வருதாம்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் வழி கேட்டதில்லை. ஜெஸ்ஸி கண்ணிலிருந்த மணலைத் தோளில் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

"பஸ்ஸு வருதுன்னு சொல்லு! நேராப் போகச் சொல்லு, நான் இருக்கேன்!"